கோனனுக்குப் பெயர் தந்தவர்: அசாகுசா இருட்டில் அலைந்த எடொகாவா ரன்போ

'டிடெக்டிவ் கோனன்' பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் தொடக்கக் காட்சி நினைவிருக்கும். மர்ம மருந்தால் சிறுவனாகச் சுருங்கிப்போன ஷினிச்சியிடம் பெயர் என்ன என்று ரான் கேட்பாள். பாவம், திணறுவான். பின்னால் புத்தக அலமாரி. அதில் இருந்த இரண்டு எழுத்தாளர்களின் பெயர்களை ஒட்டவைத்துச் சட்டென்று ஒரு பெயர் சொல்வான்: எடொகாவா கோனன்.

கோனன் யார் என்று சொல்லவே வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். சரி, எடொகாவா யார்?

அவர்தான் எடொகாவா ரன்போ. ஜப்பானில் துப்பறியும் கதையை வேரூன்றச் செய்தவர். கோனன் தொடரில் வரும் தூங்குமூஞ்சித் துப்பறிவாளர் மோரி கொகொரோவின் பெயரும் ரன்போவின் துப்பறிவாளர் அகெச்சி கொகொரோவிடமிருந்து வந்ததுதான். கோனனோடு சுற்றும் சிறுவர் துப்பறியும் குழு? அதுவும் ரன்போ 1930களில் உருவாக்கியது. 'பூங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்' பார்ப்பவர்களுக்கு அவரே ஒரு கதாபாத்திரம்.

அவரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. இது ஏழாம் மாதம். புளோக்குக்குக் கீழே காகிதம் எரிகிறது, கெத்தாய் மேடையில் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. ஜப்பானுக்கும் இதுதான் பேய்க்காலம்.

கோடையில் ஏன் பேய்?

ஹாலோவீன் பார்த்துப் பழகியவர்களுக்குப் பேய் என்றால் அக்டோபர். ஜப்பானில் அப்படியில்லை. பேய்க் கதை, பேய் நாடகம், பேய் வீடு எல்லாம் ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும்தான்.

முதல் காரணம் ஓபோன். மறைந்த முன்னோர் வீட்டுக்குத் திரும்பி வரும் நாள்கள். தோக்கியோவில் ஜூலை நடுவிலும் மற்ற பல ஊர்களில் ஆகஸ்ட் நடுவிலும் அனுசரிக்கிறார்கள். நம் ஊர் ஏழாம் மாதத்துக்கும் ஓபோனுக்கும் வேர் ஒன்றே. புத்தரின் சீடர் மொக்கல்லானர், பசித்த ஆவிகளின் உலகில் வாடிய தம் தாயை மீட்ட கதை அது. இந்தியப் பெயரோடு கிளம்பிய கதை சீனா வழியாக ஜப்பான் வரை போயிருக்கிறது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. அந்தக் காலக் கபுக்கி அரங்குகளில் கோடைப் புழுக்கம் தாங்காது. பெரிய நடிகர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் இளம் நடிகர்களை வைத்துக் கூட்டம் சேர்க்க வேண்டுமே! தந்திரக் காட்சிகள் நிறைந்த பேய் நாடகங்களைப் போட்டார்கள். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற பேய் நாடகமான 'யோத்சுயா கைதான்' 1825ஆம் ஆண்டுக் கோடையில்தான் முதலில் மேடையேறியது. முதுகுத்தண்டு சில்லிட்டால் வெயில் தெரியாது என்பது கணக்கு. ஏர்கான் இல்லாத காலம், பாருங்க.

இன்னொரு வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நூறு பேய்க் கதைகள் சொல்லும் இரவுக்கூட்டம். நூறு திரிகளை ஏற்றிவைத்து, ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவது திரி அணைந்ததும் நிஜமாகவே ஏதோ ஒன்று வரும் என்பது நம்பிக்கை. அதனால் பல கூட்டங்கள் 99லேயே நின்றுவிடும்.

இந்த மரபில் வந்தவர்தான் ரன்போ. ஆனால், அவருடைய கதைகளைப் படித்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். பேய் வருவதுபோல் வரும். கடைசியில் அங்கே நிற்பது மனிதன்.

படிப்பு பொருளியல், பிழைப்பு நூடல்ஸ் வண்டி

அவருடைய இயற்பெயர் ஹிராய் தாரோ. மியே மாநிலத்தின் நபாரி என்ற சிற்றூரில் 1894 அக்டோபர் 21ஆம் தேதி பிறந்தார். வளர்ந்தது நகோயாவில். நாளிதழில் தொடராக வந்த மர்மக் கதையை அம்மா படித்துச் சொல்ல, சிறுவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஆரம்பம் அங்கேதான்.

அப்பாவின் தொழில் 1912இல் நொடித்துப்போனது. ஆனாலும் தாரோ தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பல வேலைகள் செய்துகொண்டே பொருளியல் படித்து 1916இல் பட்டம் பெற்றார். ஆங்கிலத்தில் துப்பறியும் கதைகளைத் தேடித்தேடிப் படித்தது அந்த ஆண்டுகளில்தான். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ அவரை முழுசாக ஆட்கொண்டார்.

பட்டம் வாங்கியாச்சு. வேலை? எதிலும் ஒட்டவில்லை. ஒசாக்காவில் வர்த்தக நிறுவனம், தட்டச்சு இயந்திர விற்பனை, தோபா கப்பல் பட்டறை, நாளிதழ், விளம்பரப் பிரிவு என்று பட்டியல் நீளும். தோபாவில் வேலைக்குப் போகப் பிடிக்காத நாள்களில், மெத்தை மடித்துவைக்கும் சுவர் அலமாரிக்குள் ஏறிப் படுத்து ஒளிந்துகொள்வாராம். பிற்காலத்தில் அவர் கதைகளில் ஆள்கள் கூரைக்கும் மேற்தளத்துக்கும் இடையே ஊர்வதும், நாற்காலிக்குள் ஒளிந்து வாழ்வதும் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

அதே தோபாவில் நண்பர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் குழு ஒன்றையும் நடத்தினார். அப்படிப் போன இடத்தில்தான் பக்கத்துத் தீவில் ஆசிரியராக இருந்த ரியுகோவைச் சந்தித்தார். 1919இல் திருமணம். அப்போது அவர் கையில் காசு கிடையாது. தோக்கியோவின் தங்கோசாக்கா என்ற சாய்வுச் சாலையில் தம்பிகள் இருவரோடு நடத்திய பழைய புத்தகக் கடை ஓடவில்லை. இரவில் ஊதுகுழலை ஊதிக்கொண்டு தெருத்தெருவாகச் சீன நூடல்ஸ் வண்டி தள்ளினார். வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சலித்துப்போனவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

கையில் வேலை இல்லாத ஒரு காலகட்டத்தில் எழுதிய 'இரண்டு சென் செப்புக் காசு' என்ற கதை, 'ஷின் செய்னென்' இதழில் 1923 ஏப்ரலில் வந்தது. புத்தரை வணங்கும் மந்திரத்தையும் பிரெயில் எழுத்தையும் கலந்து செய்த ரகசியக் குறியீடு அந்தக் கதையின் புதிர். வெளிநாட்டுக் கதையைத் தழுவாமல் ஜப்பானிலேயே முளைத்த புதிர் என்று இதழாசிரியர் மொரிஷிதா உசோன் வியந்தார்.

புனைபெயரும் அப்போதுதான் வந்தது. எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டினால் எடொகா-ஆரன்-போ. அதையே எடொகாவா ரன்போ ஆக்கிவிட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. அந்தப் பெயரை எழுதும் சித்திர எழுத்துகளுக்கும் பொருள் உண்டு: எதோ ஆறு, தாறுமாறான நடை. எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். ஆக, நதிக்கரையில் இலக்கில்லாமல் தள்ளாடி நடப்பவன். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கே முழுசாகப் புரியும் சிலேடை.

அவர் அப்படி நடந்தது பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில்தான்.

அசாகுசாவில் அப்படி என்ன இருந்தது?

தோக்கியோ போனவர்கள் அசாகுசாவைத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் இடிவாசல், உள்ளே சென்சோஜி ஆலயம், வழி நெடுகக் கடைகள். எல்லாரும் படம் எடுக்கும் அந்த வாசல் ரன்போவின் இளமையில் கிடையாது. 1865இல் எரிந்துபோனது, 1960இல்தான் மீண்டும் கட்டினார்கள். ரன்போவை இழுத்தது வாசல் அல்ல, ஆலயத்தின் மேற்குப் பக்கம்.

சென்சோஜியில் இருப்பது கன்னோன், நம் ஊர்ச் சீனர்கள் குவான் யின் என்று வணங்கும் அதே தெய்வம். ஆலய வளாகத்தை 1873இல் பொதுப் பூங்காவாக அறிவித்து, பிறகு பகுதிகளாகப் பிரித்தார்கள். அதில் ஆறாம் பகுதி கேளிக்கைக்கு. ஜப்பானின் முதல் நிரந்தரத் திரையரங்கு 1903இல் அங்கேதான் திறந்தது. அப்புறம் இசை நாடகம், வித்தை காட்டுபவர்கள், குளக்கரையில் உறங்கும் வீடற்றவர்கள். பூச்சிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள், கூட்டம் சேர அதன் கீழ்த்தளத்தில் மரக்குதிரை ராட்டினம் வைத்தார்கள். கடைசியில் ராட்டினத்தின் பெயரே கட்டடத்துக்கு நிலைத்துவிட்டது.

பக்தி ஒரு பக்கம், கூத்து ஒரு பக்கம், நடுவில் சுவர் கிடையாது. தைப்பூச ஊர்வலத்தையும் பசார் மாலாமையும் ஒரே தெருவில், வருஷம் பூரா நடத்தினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

ரன்போ இதை ஒளித்துவைக்கவில்லை. தோக்கியோவில் தமக்குப் பிடித்தது அசாகுசாதான் என்று 1926இல் கட்டுரையே எழுதினார். வளர்ந்த மனிதர், புகழ்பெற்ற எழுத்தாளர், அந்த மரக்குதிரையில் ஏறிச் சுற்றுவார். கவிஞர் ஹகிவாரா சகுத்தாரோவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றியிருக்கிறார். ராட்டினத்தில் எக்காளம் ஊதும் ஏழைக் கலைஞர் ஒருவரைப் பற்றி அதே 1926இல் சிறுகதையும் எழுதினார். கொலை இல்லை, துப்பறிதல் இல்லை. வறுமையில் சுழலும் ஒரு மனிதர் மட்டும்.

அங்கே அவருக்கு இன்பமும் பயமும் ஒன்றாகவே கிடைத்தன. வெண்திரையில் ஒரு முகம் ராட்சத அளவில் நெருங்கி வருவதைக் கண்டால் உடல் நடுங்கும் என்று எழுதியிருக்கிறார். இருந்தும் போவார். கண்ணாடி, பூதக்கண்ணாடி, தொலைநோக்கி ஆகியவற்றின் மீது அவருக்குச் சிறுவயது முதல் பித்து. உருண்டையான கண்ணாடிக்குள் தன்னைப் பார்க்கப் போனவன் என்ன ஆனான் என்று 'கண்ணாடி நரகம்' என்ற கதையில் எழுதினார். இரவில் படிக்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

ஆனால், அசாகுசாவின் உண்மையான ஈர்ப்பு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. முதலாளியும் கூலியாளும் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையும் ஒரே கூட்டத்தில் உரசிக்கொண்டு போகலாம். 1925இல் எழுதிய 'கூரைக்குள் உலாவுபவன்' கதையின் நாயகன் எதிலும் சலிப்புற்றவன். அவன் மாறுவேடம் போட்டுக்கொண்டு சுற்றும் இடங்களில் அசாகுசா முக்கியமானது. ஒருநாள் தொழிலாளி, ஒருநாள் பிச்சைக்காரன், ஒருநாள் பெண். கிராமத்தில் இது நடக்காது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கிராமத்துக்குப் பேய் போதும். மாநகருக்குப் புதுப் பயம் தேவைப்பட்டது: பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாத பயம். அதே கூட்டத்தில் தானும் யாரோவாகிவிடலாம் என்ற சுகமும் அதோடு சேர்ந்தே வரும். ரன்போ இரண்டையும் எழுதினார். வெளியே நின்று கண்டித்து எழுதவில்லை, ஆசைப்பட்டு எழுதினார்.

இப்போது அந்த நூறு கதைக் கூட்டத்துக்கு வருவோம். 'சிவப்பு அறை' என்ற கதையும் 1925தான். சிவப்புத் திரை போட்ட அறை, மெழுகுவத்தி வெளிச்சம், திகிலுக்கு ஏங்கும் ஏழு ஆண்கள். புதிய உறுப்பினர் பேசுகிறார். சட்டத்தால் தொட முடியாத வழியில் இதுவரை 99 பேரைக் கொன்றுவிட்டாராம். சாலையைக் கடக்கும் மூதாட்டியைச் சரியான நொடியில் கூப்பிட்டுத் தடுமாற வைப்பதுபோல. 99! அந்த எண்ணை அவர் சும்மா போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. நூறாவது என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும்: கடைசியில் பணிப்பெண் மின்விளக்கைப் போட்டுவிடுகிறாள். பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்த அறை வெறும் பழைய துணியும் நாற்காலியுமாகத் தெரிகிறது. பழைய காலத்தில் கடைசித் திரி அணைந்ததும் பேய் வந்தது. ரன்போவின் காலத்தில் விசையைத் தட்டியதும் பேய் போய்விட்டது. போனதில் அவருக்கு வருத்தம் என்பதும் தெரிகிறது.

இல்லாத கோபுரத்தின் உச்சியிலிருந்து

அசாகுசாவின் அடையாளமாக 1890 முதல் நின்றது ரியோன்காக்கு. பன்னிரண்டு மாடிக் கோபுரம், பெயருக்கு மேகத்தையும் விஞ்சுவது என்று பொருள். ஜப்பானின் முதல் மின்தூக்கி அதில்தான் இருந்தது. புளோக்குகளில் நாற்பது ஐம்பது மாடி பார்க்கும் நமக்குப் பன்னிரண்டு ஒன்றுமில்லை. அன்றைய தோக்கியோவில் அது வானத்தைத் தொட்டது.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் பெரும் நிலநடுக்கம். கோபுரத்தின் மேல்மாடிகள் முறிந்து விழுந்தன. மிச்சத்தை ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. ரன்போவின் முதல் கதை வந்து ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அப்போது அவர் ஒசாக்கா பக்கம் இருந்தார். ஆக, எழுத்தாளராகத் தோக்கியோ திரும்பியபோது மாணவப் பருவத்தில் அவர் பார்த்த அசாகுசா அங்கே இல்லை.

தோக்கியோ திரும்பி நாளிதழில் தொடர்கதை எழுதினார். நள்ளிரவு அசாகுசா பூங்காவில் தொடங்கும் கதை அது. பெரிய வெற்றி, படமும் ஆனது. அவருக்கோ அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இவ்வளவு மட்டமாக எழுதிவிட்டோமே என்று 1927இல் பேனாவை மூடிவைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டார். பதினான்கு மாதங்கள்! குடும்பத்தை ஓட்ட மனைவி ரியுகோ மாணவர் விடுதி நடத்தினார். ரன்போவின் கதையில் ரியுகோவுக்கு உரிய இடத்தை யாரும் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

அந்த ஓய்வில் ஒரு சம்பவம். இதழாசிரியராக இருந்த இளைஞர் யொகொமிசோ செய்ஷி எப்படியாவது ஒரு கதை வாங்கிவிட வேண்டும் என்று தேடி வந்தார். பிற்காலத்தில் அவரும் பெரிய மர்ம எழுத்தாளர். கதை இல்லை என்றார் ரன்போ. நகோயாவில் இருவரும் ஒரே அறையில் தங்கிய இரவில்தான் உண்மையைச் சொன்னார்: கதை இருந்தது, கொண்டும் வந்தேன், திருப்தி இல்லை, இப்போதுதான் கழிப்பறையில் போட்டுவிட்டு வந்தேன். யொகொமிசோவின் நிலையை நினைத்துப் பாருங்கள். கிழித்துப் போட்டிருந்தால்கூட ஒட்டியிருக்கலாம்.

அதே கருவை மீண்டும் எழுதி 1929இல் வெளியிட்டார். அதுதான் 'துணி ஓவியத்தோடு பயணம் செய்பவர்'. ரன்போ எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கதையில் ஓர் இளைஞன் பன்னிரண்டு மாடிக் கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியால் ஆலயக் கூட்டத்தைப் பார்க்கிறான். ஒரு பெண் கண்ணில் படுகிறாள். காதல். நாள்தோறும் ஏறித் தேடுகிறான். கடைசியில் கண்டுபிடித்தால், அவள் காட்சிப்பெட்டிக்குள் இருக்கும் துணியால் செய்த ஓவியம். தம்பியிடம் தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தன்னைப் பார்க்கச் சொல்கிறான். பார்க்கப் பார்க்க அண்ணன் சிறிதாகி, ஓவியத்துக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. அவள் ஓவியம், இளமையாகவே இருக்கிறாள். அவன் மனிதன், உள்ளேயே கிழவனாகிறான்.

இந்தக் கதையில் துப்பறிவாளர் இல்லை. யாரும் மின்விளக்கைப் போடவில்லை. கதை வெளியானபோது கோபுரம் இடிந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அன்றைய தோக்கியோ வாசகர் அந்தப் படிக்கட்டுகளில் ஏறும் இளைஞனைப் படிக்கும்போது, கால்வைக்க இடமில்லாத ஓர் உயரத்தில் அவனோடு நின்றிருப்பார். ஆவியாக வருவது மனிதன் அல்ல, ஊர்.

போர் வந்தபோது

இந்த இடத்தில் நடையைக் கொஞ்சம் வேகமாக்குவோம். 1934இல் தோக்கியோவின் இகெபுக்குரோ வட்டாரத்தில் ரிக்கியோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு வீட்டுக்குக் குடிபோனார். அவருடைய 46ஆவது வீடு, கடைசி வீடும் அதுவே. பின்பக்கம் தடித்த மண்சுவர் கொண்ட சேமிப்பறை ஒன்று உண்டு. அதற்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரன்போ எழுதுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. நிஜத்தில் அது அவருடைய நூலகம்.

1936இல் சிறுவர் இதழில் 'இருபது முகப் பூதன்' தொடங்கியது. மாறுவேடத்தில் மன்னனான ஒரு திருடனுக்கும் அகெச்சியின் சிறுவர் குழுவுக்கும் நடக்கும் போட்டி. பிள்ளைகள் படிக்கும் கதைத் தலைப்பில் திருடன் என்ற சொல் கூடாது என்று இதழ் தரப்பு சொன்னதால் பூதன் ஆக்கினார்கள். அந்தத் திருடன் ரத்தம் சிந்துவதை விரும்பாதவன். தோபாவில் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன இளைஞர் திரும்பி வந்ததுபோல இருந்தது.

நாடு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. போரில் கைகால்களை இழந்து திரும்பிய ராணுவ வீரரையும் அவர் மனைவியையும் பற்றி ரன்போ 1929இல் எழுதிய கதை 'கம்பளிப்புழு'. பத்து ஆண்டு கழித்து, 1939இல், தணிக்கை அதிகாரிகள் அதைத் தொகுப்பிலிருந்து முழுவதுமாக நீக்கச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய மற்ற நூல்களும் மறுபதிப்புக் காணாமல் நின்றன. குற்றம், விசித்திரம், இருட்டு எல்லாம் போர்க்கால ஒழுங்குக்கு ஆகாதவை. வேறு புனைபெயரில் சிறுவர்களுக்கு அறிவியல் சார்ந்த கதைகள் எழுதினார்.

கூட்டத்தில் முகமற்றவராக இருக்க விரும்பிய அந்த மனிதர் போர் ஆண்டுகளில் என்ன செய்தார் தெரியுமா? குடியிருப்பாளர் சங்கத்தில் பொறுப்பெடுத்தார். விமானத் தாக்குதல் பயிற்சி, கூட்டம், அண்டை வீட்டுக் கணக்கு. அதுவரை ஆள்களைத் தவிர்த்தவர் முதல்முறையாக ஊரோடு கலந்து பழகினார். சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்த அதே ஆண்டுகள் அவை என்பதை இங்கிருந்து படிக்கும் நாம் மறந்துவிட்டுப் போக முடியாது. அவர் போரை எதிர்த்த வீரர் அல்லர். ஒதுங்கினார், ஒத்துழைத்தார், பிழைத்தார்.

வேலை இல்லாத அந்த நாள்களில், 1941இல், தம்மைப் பற்றிய செய்தித் துணுக்குகள், விளம்பரங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் பெரிய ஏடுகளில் ஒட்டத் தொடங்கினார். குடியிருந்த வீடுகளின் வரைபடத்தைக்கூடக் கையால் வரைந்து சேர்த்தார். எழுதிய எல்லாம் அழியப்போகிறது என்று நினைக்கும் ஒருவர் வேறு என்ன செய்வார்?

1945 மார்ச் 10 அதிகாலைக் குண்டுவீச்சில் அசாகுசா எரிந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற சென்சோஜியின் பிரதான மண்டபமும் போனது. ஏப்ரலில் இகெபுக்குரோ எரிந்தது. சுற்றிலும் சாம்பல். ரன்போவின் வீடும் சேமிப்பறையும் மட்டும் தப்பின. புத்தகங்களும் அந்த ஏடுகளும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

இரண்டு பேர், ஒன்றரை மொழி

போருக்குப் பின் அவர் அதிகம் கதை எழுதவில்லை. மற்றவர்களை எழுதவைத்தார். 1947இல் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். தம் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி நிதி கொடுத்து ஒரு விருதை நிறுவினார். ஜப்பானின் புதிய மர்ம எழுத்தாளர்களுக்கு எடொகாவா ரன்போ விருது இன்றும் பெரிய கனவு. பேய்க் கதைகளை வகைவகையாகப் பிரித்து விளக்கி ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். கதையில் பேயை நம்பாதவர், பேய்க் கதையை விடவில்லை. இருபது முகத்தானும் 1949இல் திரும்பிவந்தான்.

இரு மொழியில் வாழும் உங்களுக்கு அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் கதை பிடிக்கும். நூல் 1956இல் வந்தது. மொழிபெயர்த்தவர் ஜேம்ஸ் ஹாரிஸ். ஜப்பானிய மொழி சரளமாகப் பேசுவார், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. ரன்போவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேசவோ எழுதவோ வராது. என்ன செய்வது? ரன்போ ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார், திரும்பத்திரும்ப விளக்குவார். ஹாரிஸ் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். ரன்போ படித்துப் பார்த்துச் சரி என்பார், அல்லது தலையாட்ட மறுப்பார். ஒரே ஒரு நூலுக்கு ஐந்து ஆண்டு. வீட்டில் தமிழ் பேசுவேன், படிக்கத்தான் சிரமம் என்று சொல்லும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களிடம் ஹாரிஸைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1965 ஜூலை 28ஆம் தேதி, தம் இகெபுக்குரோ வீட்டில், 70 வயதில் காலமானார். தோக்கியோவின் ஓபோன் முடிந்து, மற்ற ஊர்களின் ஓபோன் வராத இடைப்பட்ட நாள்கள். வீடும் சேமிப்பறையும் 2002இல் ரிக்கியோ பல்கலைக்கழகத்தின் வசம் வந்தன.

அசாகுசாவில் ராட்டினம் இப்போது இல்லை. அந்தப் பெயரில் ஒரு நாடக அரங்கு இருக்கிறது, மொகுபாக்கான், மரக்குதிரை மாளிகை. வீடற்றவர்கள் படுத்திருந்த குளத்தைப் போருக்குப் பின் மண் போட்டு மூடிவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் ஒரு கட்டுமானத் தளத்தில் தோண்டியபோது மண்வாரியின் வாயில் சிவப்புச் செங்கல் சிக்கியது. ரியோன்காக்கு கோபுரத்தின் அடித்தளம். செய்தி பரவி, கையில் கைப்பேசியோடு கூட்டம் கூடிவிட்டது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் வேலிக்கு வெளியே நின்று, அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.